ஓட்டை போட்டவனும் அடைத்தவனும்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாய் இருப்பதே செல்போனில் பேசத்தான். மூஞ்சைப் பார்த்துப் பேசுகிறவன் ஒருத்தன் கிடையாது. எதிரே நிற்கிறவனுக்குச் சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் நிற்கிறவன் காதில் போட்டுவிட்டுப் போகிறார்கள். நான் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் செங்கல், தவிடு, ஐஸ் பெட்டி, கல்யாண வீட்டு அண்டா என்று எது கிடைத்தாலும் ஏற்றுவேன். சரக்கை ஏற்றினால் போதாதா? "அங்க போனா இப்படிச் சொல்லிடுங்க பெரியவரே" என்று வார்த்தையையும் சேர்த்து ஏற்றிவிடுகிறார்கள். அதை இறக்க எனக்கு என்ன தலையெழுத்து?

துரைக்கண்ணு வீட்டுச் சங்கதியும் அப்படி என் வண்டியில் ஏறியதுதான்.

துரைக்கண்ணு திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டுமேல் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். பட்டறைக்குப் பின்பக்கம் வீடு. டிராக்டர் கலப்பை, டிப்பர் கதவு, வீட்டு கேட்டு எல்லாம் அடிப்பான். வேலைக்காரன்தான், ஆனால் முசுடு. ஒரே பெண் கலைமதி. புதுச்சேரியில் ஜவுளிக்கடைக்கு பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தவள், மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்துப் பையனைப் பிடித்துக்கொண்டாள். பெயர் தேவா. மயிலம் மலையில் தாலி கட்டிக்கொண்டு, அங்கிருந்தே போன் பண்ணினாள். "மல்லாட்டை போட்டுப் பொழைக்கிற குடும்பத்துல பொறந்துட்டு, கடல நம்பிப் போறியா" என்று கத்திவிட்டு போனை வைத்தவன்தான் துரைக்கண்ணு. மகளிடம் பிறகு ஒன்றிரண்டு வார்த்தை பேசினான். மாப்பிள்ளையோடு மட்டும் பேச்சில்லை. பெயரும் சொல்ல மாட்டான். "அந்த ஆளு" என்பான்.

அந்த ஆள் கடலுக்குப் போகாத நாளில் ரிசார்ட்டுக்கு வேலைக்குப் போவான். 'தானே' புயலில் அந்தப் பக்கத்துச் சவுக்குத் தோப்பெல்லாம் படுத்துக்கொண்டதே, அதில் ஒரு தோப்பை மெட்ராஸ்காரன் ஒருத்தன் வளைத்து, குடிசை மாதிரி ரூம் கட்டி, நாலு சக்கர பைக் நாலைந்து வாங்கி விட்டிருந்தான். குப்பத்தில் அதற்கு நண்டு வண்டி என்று பெயர். காசு கொடுத்து அதில் ஏறிக் குலுங்கிவிட்டுப் போக மெட்ராஸிலிருந்து ஜனம் வந்தது. எங்கள் ஊரில் மாட்டு வண்டியில் குலுங்கினால் இடுப்பு வலி, இவர்களுக்குக் குலுங்கினால் சந்தோஷம்.

புயலில் விழுந்த மரத்தை அறுத்துக்கொண்டு போனவன் அடிக்கட்டையை அப்படியே விட்டுவிட்டான். மணல் மூடினால் கட்டை இருப்பது தெரியாது. நண்டு வண்டி அதன்மேல் ஏறினால் இன்ஜின் அடிவயிறு பிளந்து ஆயிலெல்லாம் மணலில் போய்விடும். அடியில் ஒரு தட்டு கட்டிக் காபந்து பண்ண ஆள் வேண்டும் என்று மேனேஜர் அரிபிரசாத் தேடியபோது, "திண்டிவனத்துல ஒருத்தர் இருக்காரு சார்" என்று சொன்னது தேவா. தன் மாமனார் என்று சொல்லவில்லை. வண்டியைக் கொண்டுபோய்ப் போட்டுவர என்னைக் கூப்பிட்டார்கள்.

மாசி மாசம். காலையிலேயே வெயில் உறைக்க ஆரம்பித்திருந்தது. முதல் வண்டியைப் பட்டறையில் இறக்கினதும் துரைக்கண்ணு ஒரு கோணிப்பையை விரித்து அதற்கடியில் மல்லாந்து படுத்தான்.

"இன்னாண்ணே இது, வவுத்த தொறந்து போட்ட மாதிரி கீது. கட்டை இடிக்காம இன்னா பண்ணும்?"

முதலில் கனத்த இரும்புத் தகடு கட்டிப் பார்த்தான். மணலில் வண்டி எருமை மாதிரி உட்கார்ந்துவிட்டது என்று திரும்பி வந்தது. பிறகு காயலான் கடைக்குப் போய், பழைய பஸ் படிக்கட்டில் போடுகிற அலுமினியத் தகடு வாங்கி வந்தான். மேடு மேடாகப் புள்ளி வைத்திருக்குமே, அது. அதை வெட்டி, முன்பக்கத்தை முறத்து விளிம்பு மாதிரி மேலே வளைத்தான். கட்டை எதிர்ப்பட்டால் வண்டி அதன்மேல் வழுக்கி ஏற வேண்டும், முட்டக் கூடாது. சட்டத்தோடு பற்றவைக்காமல் கிளாம்ப் போட்டு இறுக்கினான். நடுவில் லாரி டியூப்பை நறுக்கி வைத்தான், இல்லாவிட்டால் கடகடவென்று சத்தம் வருமாம். நட்டுத் தலை ஒன்றுகூட வெளியே நீட்டாமல் உள்ளே பதித்தான். இதெல்லாம் முடிய இரண்டு நாள் மூன்று நாள் ஆகும். நான் அங்கேயே உட்கார்ந்து வேகவைத்த மல்லாட்டையை, வேர்க்கடலைதான், உரித்துத் தின்றுகொண்டிருப்பேன்.

அம்சவள்ளி கூழ் கொண்டுவந்து வைத்தாள். துரைக்கண்ணு பொண்டாட்டி. கேப்பைக் கூழ், தொட்டுக்கொள்ள மோர் மிளகாய்.

"அண்ணா, அங்க போனப்ப எம்பொண்ண பாத்தீங்களா? வவுறு மேல கீதா, எறங்கிக் கீதா?"

"நான் வண்டிய பாத்தேன். வவுத்த பாக்கல."

"ஒரு எட்டு போய்ப் பாத்தா இன்னா? ஏழாம் மாசம் வரப் போவுது. அவங்க மாமியாரு வெள்ளையம்மா ஒரே பேச்சா சொல்லிட்டாங்களாம். பொண்ணப் பெத்தவரு வந்து எம்புள்ள மூஞ்சப் பாத்து கூப்புடட்டும், அனுப்பறேன். இல்லன்னா பிரசவம் எங்க வூட்லதான்னு." அவள் குனிந்து வண்டிக்கடியில் பார்த்துப் பேசினாள். "தலைப் பிரசவம்யா. ஊர்ல எவளாவது மாமியா வூட்ல பெத்துக்குவாளா? கேக்குதா?"

"டிரில்லிங் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"சுச்ச அணைச்சி எத்தினி நேரமாவுது!"

உடனே டிரில்லிங் மறுபடி ஓட ஆரம்பித்தது. தகட்டின் பின்பாதி முழுக்க விரல் நுழைகிற அளவு ஓட்டை ஓட்டையாகப் போட்டுக்கொண்டிருந்தான்.

"நல்லாக் கீற தகட்ட ஏன்டா சல்லடை ஆக்கற?" என்று கேட்டேன்.

"உள்ள போறது வெளிய வரணும் இல்லண்ணே. தோப்பு பூரா சவுக்குச் சருகு. தட்டு மேல போய் சேந்துக்கும். பக்கத்துலயே சைலன்சர் பைப்பு, கொள்ளிக்கட்ட மாதிரி காயும். ஓட்ட இருந்தா குலுங்கற குலுக்குல கொட்டிடும்."

"இத மாப்ளகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுய்யா போன்ல" என்றாள் அம்சவள்ளி. "அவருதான அங்க வண்டிய பாத்துக்கறாரு."

"ஓட்டைய பாத்தா தெரியாது? தெரியலன்னா கேக்கட்டும்."

"எப்படிக் கேப்பாரு? நீதான் பேச மாட்டியே."

"அப்ப கேக்க வேணாம்."

அம்சவள்ளி என்னைப் பார்த்தாள். நான் மல்லாட்டையைப் பார்த்தேன்.

வண்டிகளைக் கொண்டுபோய் இறக்கின அன்று தேவாவும் மணலில் படுத்து அடியில் பார்த்தான். கருத்த பையன், சிரித்த முகம். "மாமா கை கைதான்" என்று தகட்டைத் தடவினான். பிறகு விரலை ஓட்டையில் விட்டுப் பார்த்தான். "இன்னா பெரியவரே, அடியில போய் இத்தினி ஓட்ட போட்டிருக்காரு?"

"அவரையே கேளு."

"கேக்கலாந்தான்" என்று சிரித்தான். கேட்கவில்லை.

பங்குனி போனது. ஏழாம் மாசத்தை விட்டார்கள். சித்திரையில் எட்டு, எட்டில் அழைக்கக் கூடாது. வைகாசி பிறந்து கத்திரி வெயிலில் ரோட்டுத் தார் டயரில் ஒட்டிக்கொண்டிருந்தபோது ஒன்பதும் பிறந்துவிட்டது. அம்சவள்ளி பச்சை வளையல் வாங்கி வைத்துக்கொண்டு, நான் பட்டறைப் பக்கம் போகும்போதெல்லாம் எடுத்துக் காட்டுவாள். துரைக்கண்ணு வளையலைப் பார்க்காத மாதிரி வெல்டிங் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்வான்.

அந்த வாரத்தில்தான் ரிசார்ட்டிலிருந்து எனக்கு போன் வந்தது. ஒரு நண்டு வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அடியில் தீப்பிடித்துக்கொண்டதாம். ஓட்டினது காலேஜ் பெண். தேவா பாய்ந்து அந்தப் பெண்ணைத் தூக்கிக் கீழே போட்டுவிட்டான், அதற்கு ஒன்றுமில்லை. இவனுக்குக் கெண்டைக்காலில் தீப்புண். வண்டி முக்கால்வாசி போச்சு, சருகு பற்றி நாலு வரிசை சவுக்கும் கருகிப் போச்சு. "வெல்டரை உடனே கூட்டிட்டு வாங்க" என்றான் மேனேஜர்.

பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். அம்சவள்ளி வாயில் அடித்துக்கொண்டாள். துரைக்கண்ணு கையில் இருந்த சுத்தியலை வைத்தான்.

"தீயா? எப்படிப் புடிக்கும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஜல்தி ஏறு."

மரக்காணம் தாண்டியபோது துரைக்கண்ணு கேட்டான். "காலுல எவ்ளோ காயமாம்?"

"யாருக்கு?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த ஆளுக்கு என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. வந்திருந்தாலும் காயம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

தோப்பில் இன்னும் கரி நாற்றம் இருந்தது. கடல் காற்றில் சாம்பல் பறந்து கண்ணில் விழுந்தது. எரிந்த வண்டியைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு தேவா உட்கார்ந்திருந்தான், முழங்காலுக்குக் கீழே மருந்துத் துணி. மாமனாரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். இவன் அந்தப் பக்கமே பார்க்காமல் வண்டிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினான்.

அரிபிரசாத் நல்ல பையன்தான். முகம் வெளுத்து, தூங்காத கண்ணோடு நின்றான். "அண்ணே, எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல. ஓனர் சாயங்காலம் வர்றாரு. யாரால ஆச்சுன்னு அவருக்கு ஒரு பேர் சொல்லணும். தட்டு போட்டது நீங்க. அது உள்ளதான் தீப்பிடிச்சது. என்ன சொல்லட்டும்?"

துரைக்கண்ணு ஸ்பேனரை எடுத்து கிளாம்பைக் கழற்றினான். தகடு மணலில் விழுந்தது. மேலே கட்டி கட்டியாகச் சருகுக் கரி. கையால் துடைத்தான். அவன் போட்ட ஓட்டை ஒன்றையும் காணோம். பின்பாதி முழுக்க மழமழவென்று இருந்தது, வெந்து பழுப்பேறி, அங்கங்கே கொப்புளம் கட்டி. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தான். பக்கத்தில் நின்றிருந்த இன்னொரு வண்டியின் அடியில் கையை விட்டுத் தடவினான். அதிலும் ஓட்டை இல்லை.

படகுக்குப் போடுகிற பைபர் அது. துணி வைத்து ரெசின் பூசி அடைப்பார்களே, அது. திண்டிவனத்தில் எவன் வீட்டிலும் அது இருக்காது. குப்பத்தில் வீட்டுக்கு வீடு டப்பாவில் இருக்கும். எனக்கே புரிந்துவிட்டது. இது யார் வேலை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், துரைக்கண்ணு பேர் தப்பிவிடும். அந்த ஆள்மேல் இரண்டு வருஷமாக வைத்திருந்த கோபத்துக்கும் தீனி ஆகிவிடும். அப்புறம் மகள் பிரசவத்துக்கு வந்த மாதிரிதான். சொல்லிவிடுவான் என்றுதான் நான் நினைத்தேன்.

அவன் எழுந்தான். நேரே தேவாவுக்கு முன்னால் போய் நின்றான்.

"ஏன்டா, மூளை கீதா உனக்கு?"

தேவா வாயைத் திறந்தபடி நின்றான்.

"அடியில ஓட்ட இருந்தா அடைச்சிடுவியா? எவனாவது மெனக்கெட்டு ஓட்ட போடுவானா, காரணம் இல்லாம? கை வலிக்க வலிக்கப் போட்டேன்டா ஒவ்வொண்ணா!"

"ஓட்டைன்னா அடைக்காம இன்னா மாமா பண்ணுவாங்க?" தேவாவுக்கும் குரல் ஏறிவிட்டது. "மாசியில கழுவெளி ஏரி ஓரம் தண்ணி நிக்கசொல்ல, ஓட்ட வழியா சேறு பீச்சி, வர்றவங்க துணியெல்லாம் பாழாப்போச்சி. திட்டினாங்க. அடைச்சேன். எங்க ஊர்ல அடியில ஓட்டைய உட்டவன் வூடு வந்து சேர மாட்டான்!"

"இது இன்னா படகாடா? தரையில ஓடற வண்டிடா!"

"நான் தரையிலயா பொறந்தேன்? எதுக்கு ஓட்டன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அடைப்பேனா?"

"நீ கேட்டியா?"

"நீங்க பேசுனீங்களா?"

"ஒரு குச்சிய உட்டு நோண்டிப் பாத்திருந்தா உள்ள சருகு சேந்தது தெரிஞ்சிருக்குமேடா! கால் பூரா வெந்திருந்தா இன்னா ஆவறது? ஒம்போது மாசக்காரிய வூட்ல வெச்சிக்கினு தீயில போய் விழுவானா ஒருத்தன்!"

"பின்ன அந்தப் பொண்ண எரிய உட சொல்றீங்களா?"

அரிபிரசாத் நடுவில் நுழைய இரண்டு தடவை பார்த்தான், முடியவில்லை. என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டான். "இவங்க ரெண்டு பேரும் சொந்தமா பெரியவரே?"

"அதத்தான் ரெண்டு வருஷமா அவங்களே முடிவு பண்ணல" என்றேன்.

மூச்சு வாங்கியதும்தான் இரண்டு பேரும் நிறுத்தினார்கள். தேவா மேனேஜரிடம் திரும்பி, "நான்தான் சார் அடைச்சேன். எம்பேரயே சொல்லிடுங்க" என்றான். துரைக்கண்ணு, "போட்டவன் எதுக்குன்னு சொல்லல, அதயும் சேத்து சொல்லு" என்றான். கேட்டது ஒரு பேர், கிடைத்தது இரண்டு. மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு, தேவாவை இனி வர வேண்டாம் என்றும், மிச்ச வண்டிகளை வேறு இடத்தில் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனான். இரண்டு பேருக்கும் ரிசார்ட் வேலை போனது. ஆனால் நொண்டிக்கொண்டு என் வண்டிக்கு நடந்த தேவாவின் முகத்தில் சிரிப்பு.

வண்டியில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். வெந்த தகட்டை துரைக்கண்ணு பின்னால் எடுத்துப் போட்டுக்கொண்டான். நான் சாவியைத் திருப்புவதற்குள் தேவா போனை எடுத்துவிட்டான்.

"கலை, உங்கப்பா என்னத் திட்டிட்டாரு... ஆமா, என்னத்தான், நேரா... மூளை கீதான்னு கேட்டாரு... மூஞ்சப் பாத்துதான்டீ!"

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. துரைக்கண்ணு கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நிமிஷம் கழித்து என் போன் அடித்தது. அம்சவள்ளி.

"அண்ணா, திட்டினாராமே? நெசமா? எம்மாம் நேரம் திட்டினாரு?"

"அவங்கிட்டயே கேளு. வண்டி ஓட்டறேன்" என்று வைத்துவிட்டேன். திட்டினதுக்கு சந்தோஷப்படுகிற ஜனத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

புண்ணோடு நடக்க வேண்டாம் என்று குப்பத்துக்குள்ளேயே வண்டியை விட்டேன். வாசலில் வெள்ளையம்மாள் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒடிசலான கிழவி, குரல் மட்டும் தடி. சம்பந்தியைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்தாள்.

"எம்புள்ளய மூளை இல்லன்னீங்களாமே?"

"இல்லன்னு சொல்லல. கீதான்னு கேட்டேன்."

"குந்துங்க. வேகாத வெயில்ல வந்துக்கிறீங்க. துன்னுட்டுப் போங்க."

அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடித்தவன் இல்லை அவன். நின்றுகொண்டே இருந்தான். கலைமதி கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வயிறு இறங்கித்தான் இருந்தது; அம்சவள்ளி கேட்டால் இந்தத் தடவை சொல்லலாம். மகள் தட்டை எடுத்துவந்து தரையில் வைத்தாள். இவன் உட்கார்ந்துவிட்டான்.

சோறு, சங்கரா மீன் குழம்பு. எனக்கும் போட்டார்கள். நாலு வாய் போனதும் துரைக்கண்ணு சொன்னான், "உப்பு சாஸ்தி."

"எங்க நாக்குக்கு அதான் சரி" என்றாள் வெள்ளையம்மாள். "பிரசவத்த பத்தி பேச வந்தீங்களா, உப்ப பத்தியா?"

"வர்ற புதங்கெழம நாளு நல்லாக் கீது. பொண்ண அனுப்பி வைங்க."

"என்ன ஏன் கேக்கறீங்க? கட்டினவன் அங்க குந்திக்கினு கீறான்."

"அதான் காலையிலேர்ந்து அவங்கிட்டதான பேசிக்கினு கீறேன்."

"திட்டினது கூப்பிட்டதாயிடுமா? எந்த ஊரு நாயம் இது? வாயத் தொறந்து கூப்புடணும்."

அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது அந்தக் கிழவி ஒருத்திதான். அவள் சொன்னதில் என்ன தப்பு?

துரைக்கண்ணு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கலைமதி சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தேவா வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் உட்கார்ந்திருந்தான். எங்கேயோ ஒரு படகு இன்ஜினைக் கிளப்பப் பார்த்துக் கிளம்பாமல் இருமிக்கொண்டிருந்தது.

"மாப்ள" என்றான் துரைக்கண்ணு, தட்டைப் பார்த்தபடி. வெள்ளையம்மாள் தொண்டையைச் செருமினாள். அவன் தலையைத் தூக்கித் தேவாவைப் பார்த்தான். "மாப்ள, புதங்கெழம நானும் உங்க அத்தயும் வர்றோம். கலைய அனுப்பு. நீயும் கூட வா. கால் ஆறுற வரைக்கும் அங்கயே இரு."

தேவா கவளத்தை விழுங்கினான். "சரி மாமா" என்றான். அவ்வளவுதான். கலைமதி குனிந்து அப்பன் தட்டில் இன்னும் ஒரு மீன் துண்டு வைத்தாள், அவன் உப்பு சாஸ்தி என்று சொன்ன அதே குழம்பிலிருந்து. தின்றான்.

நான் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். உள்ளே அதற்குள் சத்தம் ஆரம்பித்துவிட்டது. ஓட்டையைப் பெரிதாகப் போட்டு, சேறு மேலே வராமல் ரப்பர் தொங்கவிட்டிருக்கலாம் என்று தேவா சொல்கிறான். ரப்பர் சூட்டில் உருகும், போடா என்று இவன் சொல்கிறான். இரண்டு பேருக்கும் அந்த வேலை இல்லை, வண்டியும் இல்லை, இல்லாத வண்டிக்குச் சண்டை.

"அண்ணே, இரு, நானும் வர்றேன்" என்றான் துரைக்கண்ணு உள்ளேயிருந்து. ஆனால் எழுந்திருக்கவில்லை.

வண்டியின் பின்னால் அந்தத் தகடு கிடந்தது. ஒரு கல்லை எடுத்து பைபர் அடைப்பின்மேல் ஓங்கிப் போட்டேன். தீயில் வெந்தும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்னொரு போடு போட்டேன். ஓரத்தில் ஒரு சில்லு தெறித்தது. எவ்வளவு ஒட்டினாலும் ஓரத்தில் பெயர்கிறது, பார்த்தீர்களா. இன்று மாப்ள என்பான். பிள்ளை பிறந்து பேர் வைக்கிறபோது இவன் குலசாமி பேரா அவன் குலசாமி பேரா என்று வரும், அப்போது யார் காதில் போட்டு யாருக்குச் சொல்லி அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும்.

கல்லை வீசிவிட்டு, டீக்கடை எங்கே இருக்கிறதென்று பார்த்துக்கொண்டு மணலில் நடந்தேன். புதன்கிழமை வண்டி வேண்டும் என்று பின்னால் கலைமதி கூப்பிட்டுச் சொன்னது காதில் விழுந்தது. வந்தால் பார்க்கலாம் என்று திரும்பாமல் சொல்லிவிட்டு நடந்தேன்.